டிஜிட்டல் மேமோகிராம் கருவி: வருடக்கணக்கில் ஓட்டியதில் டோஸ் பற்றித் தெரிந்தவை

டங்ஸ்டன் எக்ஸ்ரே குழாய், ரோடியம், வெள்ளி ஃபில்டர்கள், எக்ஸ்போஷரை (கதிர் பாயும் அளவை) தானே முடிவு செய்யும் ஏஇசி. இன்றைய டிஜிட்டல் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) கருவிகள் பலவற்றில் இதுதான் அமைப்பு. வாங்கும்போது குழாயைப் பற்றியும் ஃபில்டரைப் பற்றியும்தான் பேச்சு. நாள்பட ஓட்டிப் பார்த்தால், டோஸ் (மார்பகம் வாங்கும் கதிரின் அளவு) ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் மார்பகத்தை அழுத்தும் பேடிலுக்கு அடியில்தான் தீர்மானமாகிறது.

மேமோகிராமில் பயன்படும் குறைந்த ஆற்றல் கதிர், சுமார் 1 செ.மீ. திசுவைக் கடப்பதற்குள் ஏறக்குறைய பாதியாகிவிடும். 5 செ.மீ.க்கு அழுத்த முடிந்த மார்பகத்தை 6 செ.மீ.யில் விட்டால், படம் பிடிக்கும் டிடெக்டருக்குப் போதிய கதிர் சேர ஏஇசி எம்ஏஎஸ்ஸை (குழாய் மின்னோட்டமும் நேரமும் பெருக்கிய எண்) ஏற்றும். கதிர்ச் சிதறலும் கூடும், படமும் மங்கும். மோட்டார் அழுத்தத்துக்கு அமெரிக்க விதிப்படி உச்சம் 200 நியூட்டன். அந்த எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. கடைசி அழுத்தத்தைக் கைத்திருகியால் கொடுத்துக்கொண்டே தடிமன் காட்டும் மில்லிமீட்டரைப் பாருங்கள். விசை ஏறியும் மில்லிமீட்டர் இறங்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். அதற்கு மேல் வலி மட்டும்தான் மிச்சம். அவசரமில்லாத பரிசோதனையை மாதவிடாய் முடிந்த வாரத்தில் வைத்தால் வலி குறையும், அழுத்தமும் ஒழுங்காக அமையும்.

அந்தத் தடிமன் எண்ணை வைத்துத்தான் பல கருவிகள் கேவியையும் (குழாயின் மின்னழுத்தம்) ஃபில்டரையும் தேர்ந்தெடுக்கின்றன. எண் பொய் சொன்னால் எல்லாமே தப்பும். அளவு தெரிந்த அக்ரிலிக் பலகையை வைத்து அழுத்திப் பாருங்கள், 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சர்வீஸ் எஞ்சினியரைக் கூப்பிட வேண்டும்.

ஏஇசிக்கும் கண் தப்பும். சிறிய மார்பகத்தில் சென்சாரின் ஒரு பகுதி வெளியே காற்றில் நின்றால், போதுமென்று நினைத்து முன்னதாகவே வெட்டிவிடும். படம் புள்ளி புள்ளியாக வரும். சிலிகான் இம்ப்ளான்ட் சென்சாருக்கு மேல் வந்தால் நேர் எதிர்: எக்ஸ்போஷர் நீண்டுகொண்டே போகும். இம்ப்ளான்ட் தெரியும் படங்களுக்கு மேனுவல்தான் சரி. இம்ப்ளான்டைப் பின்னுக்குத் தள்ளி எடுக்கும் வியூவில் ஏஇசியை நம்பலாம்.

டிஜிட்டலின் பெரிய குறை, அது அளவுக்கு மீறிய டோஸைக் காட்டிக்கொடுக்காது. ஃபிலிம் காலத்தில் டோஸ் கூடினால் படம் கறுத்துவிடும். இப்போது கூடக்கூடப் படம் வழவழவென்று அழகாகத்தான் வரும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதனால் ஒரே ஃபாண்டத்தை (மார்பகத்துக்குப் பதிலாக வைக்கும் சோதனைப் பொருள்) வாரம் ஒருமுறை எடுத்து எம்ஏஎஸ்ஸையும் திரையில் காட்டும் டோஸையும் நோட்டில் எழுதி வையுங்கள். அமெரிக்க விதியில் 4.2 செ.மீ. மார்பகத்துக்கு ஈடான ஃபாண்டத்தில் ஒரு எக்ஸ்போஷருக்கு 3 மில்லிகிரே வரம்பு. அதற்குள் இருந்தாலும் எண் மாதாமாதம் மெல்ல ஏறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இத்தனை செய்தும் ஒரு ரிப்பீட் (அதே படத்தை மறுபடி எடுப்பது) போட்டால் அந்த வியூவுக்கு டோஸ் இரட்டிப்பு. நம்மூரில் முதல் எதிரி பவுடர். அக்குளிலும் மார்பின் கீழ் மடிப்பிலும் ஒட்டியிருக்கும் துகள் படத்தில் நுண்சுண்ணப் புள்ளிகள் மாதிரியே தெரியும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பின் ஏற்றுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றத் தயங்குவார்கள். முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டால் போதும். எம்.எல்.ஓ. வியூவில் (பக்கவாட்டில் சாய்வாக எடுக்கும் படம்) காம்பு பக்கவாட்டில் தெளிவாக, மார்புத் தசை காம்பு மட்டம் வரை, கீழ் மடிப்பு விரிந்து இருக்கிறதா என்று பட்டனை அழுத்தும் முன்பே பார்த்துவிட வேண்டும். "மூச்சை நல்லா இழுங்க" என்று சொன்னால் தசை நகர்ந்துவிடும். "மூச்சை அப்படியே நிறுத்துங்கம்மா" என்பதே சரி. ரிப்பீட் நோட்டில் எண்ணிக்கையோடு காரணத்தையும் எழுதுங்கள். குறைந்தது 250 நோயாளிகளின் படங்கள் சேர்ந்த பிறகு சதவீதம் போட்டால்தான் அர்த்தம் இருக்கும். 5-ஐத் தாண்டினால் எந்தக் காரணம் அடிக்கடி வருகிறதோ அதை முதலில் பிடியுங்கள்.

டோமோ (பல கோணங்களில் எடுத்து அடுக்கடுக்காகக் காட்டும்) வசதி இருந்தால், டோமோவும் தனி 2டியும் சேர்த்து எடுப்பது டோஸை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். டோமோ தரவிலிருந்தே 2டி படம் செய்யும் மென்பொருளுக்கு 2013-இல் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. செலவு செய்ய முடிந்தால் இதற்குச் செய்யலாம்.

கழுத்தைக் கதிரிலிருந்து மறைக்கும் தைராய்டு காலர் கேட்பவர்கள் உண்டு. இரண்டு மார்பகங்களின் நான்கு வியூவுக்கும் சேர்த்து சுமார் 0.4 மில்லிசீவர்ட், இயற்கைக் கதிர்வீச்சில் ஏறக்குறைய இரண்டு மாதக் கணக்கு. அதில் தைராய்டுக்குப் போவது மிகமிகச் சொற்பம். காலரின் ஓரம் எம்.எல்.ஓ. படத்தில் விழுந்தால் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.