சின்ன இடிக்கு இன்சூரன்ஸா, கைப்பணமா? ஒன்பது ஆண்டுகள், மூன்று இடிகள்

கார் வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை மூன்று இடிகள். யாருக்கும் ரத்தக் காயமில்லை, எந்த வண்டியையும் கட்டி இழுத்துப்போக வேண்டி வரவில்லை. பெரிய விபத்து என்றால் யோசிக்கவே இடமிருக்காது, காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தே ஆக வேண்டும். கதவில் ஒரு நசுங்கல், பம்பரில் ஒரு பிளவு என்று வரும்போதுதான் மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது. நான் மூன்று முறையும் மூன்று விதமாகக் கணக்குப் போட்டேன். அவற்றில் ஒன்றைக்கூட இன்று அதே மாதிரி செய்ய மாட்டேன்.

முதல் இடியில் எதிராளி ஒரு தூண். வாகன நிறுத்தத்தில் பின்னால் எடுக்கும்போது இடப்பக்கக் கதவு அதில் உரசி உள்வாங்கியது. அன்று எனக்கு இருந்த ஒரே எண்ணம், ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறோமே, ஒரு முறையாவது அது உதவட்டும் என்பதுதான். யோசிக்காமல் கிளெய்ம் போட்டேன், அதாவது நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டேன். பின் பம்பரில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தது. அதையும் சேர்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்ற சின்ன ஆசையும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் கதவைப் பார்த்தார், பம்பரைப் பார்த்தார், விரலால் கீறலைத் தடவினார். உள்ளே அழுக்கு படிந்திருந்தது. “இது வேறு நாள் பட்டது” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதாமல் போனார். ஒரு சம்பவத்துக்கு ஒரு கிளெய்ம் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

கதவு நன்றாகவே வந்தது. பட்டி பார்த்து வண்ணம் அடித்தார்கள். உலோகப் பளபளப்புள்ள வண்ணம் என்பதால் கதவோடு நிறுத்தாமல் பக்கத்துத் தகட்டிலும் லேசாகப் பரப்பி அடித்தார்கள். அந்த வண்ணத்தில் கலந்திருக்கும் உலோகத் துகள்கள் எந்தக் கோணத்தில் படிகின்றனவோ அதற்கேற்ப நிறம் மாறித் தெரியும். கதவை மட்டும் அடித்தால் வெயிலில் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். இதற்காகவே கதவு நசுங்கினால் கதவுக்கு மட்டும் ஆகும் செலவை மனத்தில் வைத்துக்கொண்டு பணிமனைக்குப் போகக் கூடாது.

பில் வந்தபோது என் பங்காக முதலில் ஒரு கட்டாயத் தொகை கழிந்தது. மாற்றிய ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று இன்னொரு துண்டு போயிற்று. நிறுவனம் கொடுத்தது பாதிக்குச் சற்று மேல். அதையும் பெரிய வரவாக நினைத்து மகிழ்ந்திருந்தேன், அடுத்த புதுப்பிப்புக் கடிதம் வரும்வரை. கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்குச் சேர்ந்திருந்த தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், அடியோடு போயிருந்தது.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைப் பலர் ஓராண்டுக்கு மட்டும் பார்க்கிறார்கள். இந்தியாவின் அளவுகோலை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சொந்தச் சேதப் பிரிவின் (நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்தை ஈடுசெய்யும் பகுதி) பிரீமியத்தில் கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பின் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டுக்குப் பின் 50 சதவீதம் தள்ளுபடி. ஒரு கிளெய்ம் போட்டால் மறுபடி பூஜ்ஜியம். இப்போது 35-ல் இருக்கும் ஒருவர் கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த ஐந்து புதுப்பிப்புகளில் அவருக்குக் கிடைப்பது 45, 50, 50, 50, 50. போட்டால் 0, 20, 25, 35, 45. கூட்டிக் கழித்தால் வித்தியாசம் 120 சதவீதம். கார் பழசாகப் பழசாக அடிப்படைப் பிரீமியம் குறையும் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் ஏறத்தாழ ஓர் ஆண்டின் முழுச் சொந்தச் சேதப் பிரீமியத்தை ஒரு கதவுக்காகத் தத்தம் செய்ததாகும். தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். நான் எடுத்திருக்கவில்லை.

என் கார் மட்டுமே சம்பந்தப்பட்ட இடி என்றால் இன்று நான் பழுதுச் செலவிலிருந்து கட்டாயத் தொகையையும் தேய்மானத்தையும் கழித்து, மிச்சத்தைப் போகப்போகும் தள்ளுபடியின் மொத்தத்தோடு ஒப்பிடுகிறேன். தூண் எனக்கு மறுநாள் போன் செய்யப்போவதில்லை. அதனால் அங்கே கணக்கு மட்டும் போதும்.

இரண்டாவது இடியில்தான் மனிதர்கள் வந்தார்கள். சிக்னலில் நின்றிருந்தேன். பின்னால் மெதுவாக வந்த கார் முட்டியது. இறங்கிப் பார்த்தால் என் பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு வண்ணம் உரிந்திருந்தது, அவ்வளவே. ஓட்டி வந்தவன் கல்லூரி முடித்த வயதுப் பையன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. “அக்கா, இன்சூரன்ஸ் வேண்டாம் அக்கா. அப்பாவுடைய வண்டி. ஆகிற செலவை நானே கொடுத்துவிடுகிறேன்” என்றான். மனம் இளகியது. எண்ணை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஒரு படம்கூட எடுக்கவில்லை.

பம்பர் என்று நாம் வெளியே பார்ப்பது பெரும்பாலும் வளையக்கூடிய பிளாஸ்டிக் உறை. முட்டினால் உள்வாங்கி மறுபடி பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அதற்குப் பின்னால் அதிர்ச்சியை வாங்கும் நுரை, அதற்குப் பின்னால் எஃகு அல்லது அலுமினிய உத்தரம், அதைத் தாங்கும் பிடிகள், இப்போதைய கார்களில் சென்சார்களும். வெளித்தோல் சிரித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே எலும்பு முறிந்திருக்கலாம். (அமெரிக்காவில் 1970-களில் மணிக்கு 5 மைல் வேக முட்டலைத் தாங்கும் பம்பர் வேண்டும் என்று விதித்திருந்தார்கள். 1982-ல் அதை 2.5 மைலாகத் தளர்த்தினார்கள். மெதுவாகத்தானே முட்டியது என்று யாராவது சொன்னால் எனக்கு இது நினைவுக்கு வரும்.)

உறையைக் கழற்றியபோது பிடி ஒன்று உடைந்திருந்தது, ஒரு சென்சார் சாய்ந்திருந்தது. பையனுக்கு நான் முதல் நாள் குத்துமதிப்பாகச் சொன்ன தொகை மூன்று மடங்கானது. முதல் அழைப்பில் “சரி அக்கா” என்றான். இரண்டாவதில் “அது பழைய சேதமாக இருக்காதா?” என்றான். அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. சர்வேயர் என்னிடம் சொன்னதும் ஏறக்குறைய அதுதானே. ஐந்தாவது அழைப்புக்குப் பிறகு எடுக்கவில்லை. காரிலிருந்த கேமராவின் பதிவு அதற்குள் புதிய பதிவுகளால் அழிந்துபோயிருந்தது. முக்கால்வாசிச் செலவு என் தலையில் விழுந்தது. தவறு செய்தவர் எதிரே நின்று ஒப்புக்கொண்டிருக்க, காப்பீட்டைத் தவிர்ப்பதில் எனக்கு என்ன லாபம் என்று அந்தச் சிக்னலில் ஒரு நொடி யோசித்திருக்கலாம். தள்ளுபடியைக் காப்பாற்றும் கவலை அவனுடையது. நான் அவனுக்காகக் கடன்காரியானேன்.

மூன்றாவதில் முட்டியது நான். பின்னால் எடுக்கும்போது ஒரு பெரியவரின் கார்மீது. இம்முறை புத்திசாலித்தனமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு படங்கள் எடுத்தேன், பணிமனையில் கேட்டுத் தொகையைக் கொடுத்தேன், “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கையொப்பமும் வாங்கினேன். இரண்டு நாள் கழித்து அவர் அழைத்தார். “அம்மா, தப்பாக நினைக்காதீர்கள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை” என்றார்.

கார் முட்டும்போது கழுத்து வெட்டி இழுப்பதும், அந்த வலி ஓரிரு நாள் தாமதித்துத் தலைகாட்டுவதும் சாதாரணம். அவர் நடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். என் கையிலிருந்த தாளில் பம்பரைப் பற்றித்தான் எழுதியிருந்தது. கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று இரவுதான் பாலிசியின் நிபந்தனைப் பக்கத்தை முதன்முறையாகப் படித்தேன். விபத்தை உடனே தெரிவிக்க வேண்டும், நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் தவறை ஏற்கவோ பணம் கொடுப்பதாக வாக்களிக்கவோ கூடாது என்று தெளிவாகவே இருந்தது. இப்படியொரு நிபந்தனை பல நாடுகளின் பாலிசிகளில் உண்டு. நான் இரண்டையும் மீறியிருந்தேன்.

மறுநாள் நிறுவனத்தை அழைத்து நடந்ததை அப்படியே சொன்னேன். திட்டு விழுந்தது. ஏன் தாமதம், ஏன் பணம் கொடுத்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அதற்குப் பின் நடந்ததுதான் எனக்குப் புதிது: பெரியவரிடம் பேசும் வேலை என்னை விட்டுப் போயிற்று. மருத்துவ அறிக்கையைக் கேட்பது, படிப்பது, பதில் சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கழுத்தில் தசைப்பிடிப்புதான், சில வாரங்களில் சரியாயிற்று. அந்த வாரங்களில் போன் அடிக்கும்போதெல்லாம் வயிறு கலங்காமல் இருந்தேனே, நான் கட்டிய பிரீமியத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். கதவுக்கு வந்த பணத்தைவிட.

எதிரே ஒரு மனிதர் இருந்தால், சேதம் நகக்கீறலாக இருந்தாலும், இப்போது நான் இருவருடைய விவரங்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு அன்றே நிறுவனத்துக்குத் தெரிவிக்கிறேன். தெரிவிப்பதும் கிளெய்ம் போடுவதும் ஒன்றல்ல. தெரிவித்த பிறகும் கைப்பணத்தில் தீர்க்க அவர்களிடமே ஒப்புதல் கேட்கலாம். ஆனால் சில இடங்களில் வெறும் தகவலுக்கே அடுத்த பிரீமியம் கூடும், இது நியாயமில்லை என்பது என் கட்சி. ஐரோப்பாவில் இரண்டு ஓட்டுநர்களும் ஒரே தாளில் இரு பத்திகளாக நிரப்பும் விபத்து அறிக்கைப் படிவம் புழக்கத்தில் இருக்கிறது. நடந்ததைக் குறியிட்டு, படம் வரைந்து, இருவரும் கையெழுத்திடுவார்கள், ஆனால் அது தவற்றை ஒப்புக்கொண்டதாகாது. அதைப் போன்ற ஒரு வெற்றுத் தாளை நானே தயாரித்து வண்டியில் வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேல். மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீட்டில், அதாவது நம்மால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டில், நிறுவனம் கொடுத்த தொகையை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கட்டித் தள்ளுபடியை மீட்டுக்கொள்ளலாம். முதலில் கிளெய்ம், அப்புறம் நிதானமாகக் கணக்கு. எல்லா நாட்டிலும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

போன மாதம் அதே வாகன நிறுத்தத்தில், அதே தூணில், வலப்பக்கக் கண்ணாடியின் உறை உரசியது. புதுப்பிப்புப் படிவத்தில் “கிளெய்ம் போட்டாலும் போடாவிட்டாலும், கடந்த ஆண்டில் நேர்ந்த விபத்துகள்” என்று ஒரு கட்டம் இருந்தது. தேதியை எழுதி, எதிர்த்தரப்பு என்ற இடத்தில் “தூண்” என்று நிரப்பி அனுப்பினேன். கீறல் இன்னும் அப்படியே இருக்கிறது.