பாக்கி ரிட்டர்ன்: ஐடிஆர்-யுவா, மன்னிப்பு மனுவா, நோட்டீஸ் வரட்டும் என்று இருப்பதா?

மூன்று நான்கு வருடம் வருமான வரி ரிட்டர்ன் போடாமல் விட்ட ஃப்ரீலான்சருக்கு வழிகள் மூன்று. புதுப்பித்த ரிட்டர்ன், அதாவது 139(8ஏ) பிரிவின் ஐடிஆர்-யு. 119(2)(பி) பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனு. மூன்றாவது, நோட்டீஸ் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சும்மா இருப்பது. (பிரிவு எண்கள் 1961 சட்டத்தவை, பழைய ஆண்டுகளுக்கு அதுவே செல்லும்.) வரி கட்ட வேண்டியிருக்கும் ஆண்டுகளுக்கு ஐடிஆர்-யுதான் என் தேர்வு. ரீஃபண்ட் வரவேண்டிய ஆண்டுகளுக்கு அது உதவாது.

அதனால் முதலில் ஆண்டுவாரியாக ஒரு கழித்தல் கணக்கு: வரியிலிருந்து டிடிஎஸ்ஸை, அதாவது வாடிக்கையாளர் முன்கூட்டியே பிடித்துக் கட்டிய வரியை, கழிக்கவேண்டும். 26ஏஎஸ் (டிடிஎஸ் விவரம்), ஏஐஎஸ் (உங்கள் வரவுகள் பற்றி வரித்துறையிடம் உள்ள தகவல்), வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் இறக்கி மொத்த வரவை எழுதுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். வங்கியில் 90,000 விழுந்திருக்கும், 10,000 டிடிஎஸ் போயிருக்கும், வரவு 1,00,000. வெளிநாட்டுப் பணத்திலும் இடைத்தரகர் பிடித்த கமிஷனுக்கு முந்தைய தொகைதான் வரவு. சொந்தக் கணக்குகளுக்குள் மாற்றிய பணத்தையும் வாங்கிய கடனையும் நீக்கிவிடுங்கள். ஐடி, பொறியியல், சட்டம், கணக்கு போன்ற குறிப்பிட்ட தொழில்கள் என்றால் 44ஏடிஏ பிரிவில் வரவில் 50 சதவீதத்தை வருமானமாகக் காட்டலாம். பில் தேட வேண்டாம். ரிட்டர்ன் தாமதமானாலும் இந்தச் சலுகை போகாது.

ஐடி வேலையில் 18 லட்சம் வரவு, மதிப்பீட்டு ஆண்டு 2024-25 (அதாவது 2023-24 நிதியாண்டின் வருமானம்) என்று வைப்போம். வருமானம் 9 லட்சம். புதிய முறையில் செஸ்ஸோடு வரி 46,800. பழைய முறை கிடைக்காது, அதற்கான 10-ஐஇஏ படிவத்தைக் கெடு தேதிக்குள் கொடுத்திருக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு 2023-24 வரை நிலைமை நேர் எதிர்: புதிய முறையைக் கேட்கும் 10-ஐஇ படிவத்தைக் கொடுக்காதவர் பழைய முறையில்தான் நிற்பார், சேமிப்புகளுக்கான 80சி கழிவும் உண்டு. எல்லா ஆண்டுக்கும் ஒரே முறையில் கணக்குப் போட்டு வைத்தால் மறுபடி முதலிலிருந்து வரவேண்டியிருக்கும்.

இவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் 10 சதவீதம் பிடித்திருந்தால் டிடிஎஸ் 1,80,000. அதாவது 1,33,200 ரீஃபண்ட். ஐடிஆர்-யுவில் ரீஃபண்ட் கேட்க முடியாது. மன்னிப்பு மனு மட்டுமே வழி. 2024 அக்டோபர் 1 தேதியிட்ட 11/2024 சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் மனு போகவேண்டும். கோருவது ஒரு கோடி வரை என்றால் முதன்மை ஆணையர் அல்லது ஆணையர் முடிவெடுப்பார். ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறது, ‘இயன்றவரை’ என்ற சொல்லோடு. தாமதத்துக்கு உண்மையான காரணமும் அதற்குக் காகிதமும் வேண்டும். மருத்துவமனை ரெக்கார்ட் பேசும் அளவுக்கு ‘தெரியவில்லை’ என்ற பதில் பேசாது. ஏற்பதும் மறுப்பதும் அதிகாரி கையில் என்பதால் இதை நம்பிச் செலவுக்குத் திட்டம் போடாதீர்கள். கிடைத்தாலும் ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது.

அதே ஆளுக்கு டிடிஎஸ்ஸே இல்லை என்றால் ஐடிஆர்-யு. இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது மார்ச் 31. வரியும் வட்டியும் சேர்ந்த தொகை மேல் கூடுதல் வரி ஏறுகிறது: மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் 25 சதவீதம், 24-க்குள் 50, 36-க்குள் 60, 48-க்குள் 70. மேலே சொன்ன 46,800-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2026 மார்ச் 31-இல் போட்டால் ரிட்டர்ன் தாமதத்துக்கும் முன்கூட்டி வரி கட்டாததற்குமான 234ஏ, பி, சி வட்டி 21,060, கூடுதல் வரி 16,965, தாமதக் கட்டணம் 5,000, மொத்தம் 89,825. மறுநாள் ஏப்ரல் 1 என்றால் 1,08,194. ஒரு ராத்திரியில் 18,369 ரூபாய். அதற்கடுத்த ஆண்டு அதே தாவல், 2027 மார்ச் 31-இலிருந்து ஏப்ரல் 1-க்கு, 9,407 மட்டுமே.

ஆகவே கையில் பணம் குறைவு என்றால் பழைய ஆண்டிலிருந்து வரிசையாக வரவேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். நடப்பு மதிப்பீட்டு ஆண்டின் தாமத ரிட்டர்ன், டிசம்பர் 31 கெடு, முதலில். அதில் கூடுதல் வரியே இல்லை, ரீஃபண்டும் கேட்கலாம். அடுத்து 25 சதவீதப் படியில் நிற்கும் ஆண்டு. மற்றவை ஒரு வருடம் தள்ளினால் பத்துப் பத்து சதவீதமும் மாத வட்டியும்தான் ஏறும். 48 மாதம் முடியப்போகும் ஆண்டு மட்டும் விதிவிலக்கு. அதன் கதவு சாத்தப்படும்.

வேலை எளிது, தவறுகள் சில்லறை. வருமான வரி போர்ட்டலின் இ-பே டாக்ஸில் சுயமதிப்பீட்டு வரி (300) என்று கட்டிவிட்டு சலான் எண்ணைப் படிவத்தில் ஏற்றவேண்டும். நிதியாண்டு 2023-24 என்றால் தேர்ந்தெடுக்க வேண்டியது மதிப்பீட்டு ஆண்டு 2024-25. மாறிப்போனால் ஏழு நாளுக்குள் போர்ட்டலிலேயே திருத்தலாம், அதன்பிறகு அதிகாரியிடம் போகவேண்டும். 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்யாவிட்டால் வெரிஃபை செய்த நாளே தாக்கல் நாள். மார்ச் 30-இல் போட்டுவிட்டு மே மாதம் ஓடிபி தட்டினால் அடுத்த படிக்குப் போய்விடுவீர்கள். ஓர் ஆண்டுக்கு ஒரே ஒரு ஐடிஆர்-யுதான். விட்டுப்போன வருமானத்தைச் சேர்க்க இரண்டாவது வாய்ப்பு இல்லை. வரவு 20 லட்சத்தைத் தாண்டிய ஆண்டு இருந்தால் ஜிஎஸ்டி கேள்வியும் கூடவே வரும், அதற்குமுன் ஆடிட்டரைப் பாருங்கள்.

சும்மா இருப்பதற்கு ஆதரவாக ஒன்று உண்டு, மறைக்க வேண்டியதில்லை. விடுபட்ட வருமானம் 50 லட்சத்துக்குக் கீழ் என்றால் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று வருடம் மூன்று மாதத்துக்குப் பிறகு மறுமதிப்பீட்டுக்கான 148 நோட்டீஸ் அனுப்ப முடியாது. 2024-25-க்கு அது 2028 ஜூன் 30. ஆனால் அதற்குள் நோட்டீஸ் வந்தால் வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கான 270ஏ அபராதம் வரியில் 50 சதவீதம், தவறாகக் காட்டியது என்றால் 200. மதிப்பீடு தொடங்கிவிட்டால் மேலே சொன்ன விகிதங்களில் ஐடிஆர்-யு போடவும் முடியாது. ஏஐஎஸ்ஸில் உங்கள் வரவு உட்கார்ந்திருக்கும்வரை, 2028 ஜூன் வரை காத்திருக்கலாம் என்பது சூதாட்டம்.