பாம்பன் முதல் தொண்டி வரை: சீரியலுக்கு எந்த ஆப்?

எந்த ஆப் நல்லது என்று கேட்பதற்கு முன், வீட்டில் எந்தச் சேனல் ஓடுகிறது என்று பாருங்கள். சன் டிவி தொடர்கள் சன் நெக்ஸ்டில் கிடைக்கும். விஜய் டிவி தொடர்களுக்கு ஜியோஹாட்ஸ்டார். டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரியில் ஒன்றாகி வந்தது அது. ஜீ தமிழுக்கு ஜீ5. மாமியாருக்குச் சன், மருமகளுக்கு விஜய் என்றால் ஒரே சந்தாவில் இருவருக்கும் ஆகாது. நெட்ஃபிளிக்ஸும் பிரைமும் படத்துக்கும் வெப் சீரிஸுக்கும் நல்லவை. சேனல் சீரியலை நம்பி அவற்றுக்குப் பணம் கட்டாதீர்கள்.

அடுத்து டேட்டா. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த தரம் சுமார் 0.3 ஜி.பி., நடுத்தரம் 0.7, ஹெச்.டி. 3 ஜி.பி. வரை. மற்ற ஆப்களுக்கும் இதை உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம். விளம்பரம் போக 22 நிமிட எபிசோட் நடுத்தரத்தில் கால் ஜி.பி.; ஹெச்.டி.யில் 1 ஜி.பி.யைத் தாண்டும். நாளுக்கு 1.5 ஜி.பி. பேக்கில் ஹெச்.டி. வைத்தால் இரண்டாவது சீரியல் பாதியில் சுற்ற ஆரம்பிக்கும். ஆப்பின் தரம் 'ஆட்டோ'வில் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

போனையும் பார்க்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் ஆப் செட்டிங்ஸில் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' என்ற இடத்தில் வைட்வைன் (வீடியோவைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டு) எல்3 என்று காட்டினால் அந்த போனில் ஹெச்.டி. வராது. எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் படம் மங்கல்தான். எல்1 என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

ஜியோஹாட்ஸ்டாரின் மொபைல் பிளான் அறிமுகத்தின்போது 3 மாதத்துக்கு 149 ரூபாய். ஒரே ஒரு போன், டிவியில் வராது. சூப்பர் பிளான் அப்போது 3 மாதத்துக்கு 299 ரூபாய், இரண்டு கருவி, டிவியிலும் ஓடும். விலை மாறக்கூடியது, கட்டும் அன்று ஆப்பிலேயே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் எல்லாரும் வீட்டில் இருக்கும்போது ஒற்றைக் கருவி பிளான் சண்டையில்தான் முடியும். குடும்பத்துக்கு இரண்டு கருவி பிளானே சரி என்பது எங்கள் கணிப்பு.

கடலுக்குப் போகிறவர்களுக்கு டவுன்லோடுதான் முக்கியம். கரையிலேயே வைஃபையில் இறக்கி, ஏரோபிளேன் மோடு போட்டு, ஒரு எபிசோடைத் திறந்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஓடினால்தான் படகில் ஓடும். சில நிகழ்ச்சிகள் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும், அதனால் வீட்டிலேயே பாதி பார்த்துவிட்டுப் போகாதீர்கள். தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடிக்கும். டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கை ஆட்டோவிலிருந்து மாற்றி உங்கள் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

டிஷ்ஷோடு ஒப்பிட்டால்? ஐப்பசி, கார்த்திகை மழை வலுத்தால் டிஷ்ஷில் சிக்னல் போய்விடும். உப்புக்காற்றில் வயர் முனையும் கனெக்டரும் பச்சை பூத்துவிடும். ஃபைபர் லைனுக்கு மழை ஒரு பொருட்டில்லை, அதன் எதிரி மின்வெட்டு. ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் பார்த்து (பெரும்பாலும் 12 வோல்ட்) அதற்கேற்ற மினி யூ.பி.எஸ். வாங்கிப் போடுங்கள். ஆனால் வாடிக்கையான சேனல்களை நேரலையில் மட்டும் பார்க்கும் வீட்டுக்குக் கேபிளே போதும். ஆப்பின் பலன், விட்ட எபிசோடைப் பிறகு பார்ப்பதில்தான்.

முதலில் ஒரு மாதச் சந்தா, அது இல்லாவிட்டால் இருப்பதில் மிகக் குறுகிய காலம். வருடச் சந்தா வேண்டாம். சோதனையை மாலை 7 முதல் 10 மணிக்குள் செய்யுங்கள். டவரில் நெரிசல் அப்போதுதான். பகல் 11 மணிக்கு எந்த ஆப்பும் நன்றாகத்தான் ஓடும்.

பிடிக்கவில்லை என்றால் ஆப்பை நீக்குவதோடு விட்டுவிடாதீர்கள், சந்தா தொடரும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் படியுங்கள். யூ.பி.ஐ. வழியாகக் கட்டியிருந்தால் அந்த யூ.பி.ஐ. ஆப்பின் 'ஆட்டோபே' பகுதியில் ரத்து செய்யுங்கள். பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால், பிளே ஸ்டோரில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதிக்குள் போய் அங்கேயே நிறுத்த வேண்டும்.