புரோமோகிரிப்டினா, காபர்கோலினா?

மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஹார்மோன் சுரக்கும் கட்டிகளில் அதிகம் வருவது புரோலாக்டின் கட்டி. புரோலாக்டின் என்பது பால் சுரக்கவைக்கும் ஹார்மோன். மாதவிலக்கு நின்றுபோகும், பிள்ளை பெறாதவருக்கும் பால் கசியும். கட்டி என்றதும் வீட்டில் எல்லாரும் ஆபரேஷனை நினைத்துப் பயப்படுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே போதும்.

எந்த மாத்திரை? புரோமோகிரிப்டின், காபர்கோலின் இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். புரோலாக்டினைச் சுரக்கும் செல்லுக்கு மூளையிலிருந்து வரும் டோபமைன் என்ற வேதிப்பொருள்தான் கடிவாளம். செல்லின் மேலுள்ள டி2 ஏற்பியில் (டோபமைனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) அது போய் உட்கார்ந்தால் சுரப்பு அடங்கும். இந்த மருந்துகளும் அதே இடத்தில்தான் உட்காருகின்றன. செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு குறைகிறது, கால்சியம் நுழைவது குறைகிறது, சில மணி நேரத்தில் சுரப்பு தணிகிறது. அப்புறம் புரோலாக்டின் மரபணுவே மந்தமாகி, செல்லும் சுருங்குகிறது. ஏற்பி இல்லையென்றால் எதுவும் நடக்காது. ஆய்வகங்களில் வளர்க்கும் ஜிஎச்3 என்ற எலிக் கட்டிச் செல்களில் வேலை செய்யும் டி2 ஏற்பி இல்லை. டோபமைனுக்கே அவை அடங்குவதில்லை. மருந்துக்கு மசியாத கட்டிகள் பலவற்றிலும் இந்த ஏற்பி குறைவுதான்.

புரோமோகிரிப்டினைத் தினமும் சாப்பிட வேண்டும், பலர் இரண்டு மூன்று வேளை. காபர்கோலினின் அரை ஆயுள், அதாவது உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 65 மணி நேரம் என்பதால் வாரம் இரண்டு முறை போதும். 1994-ல் வெளியான ஆய்வில் 459 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். புரோலாக்டின் இயல்பு நிலைக்கு வந்தது காபர்கோலினில் 83 சதவீதம், புரோமோகிரிப்டினில் 59. ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியவர்கள் காபர்கோலினில் 3 சதவீதம், புரோமோகிரிப்டினில் 12 சதவீதம்.

அந்த 12 சதவீதத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். காலையில் கட்டிலைவிட்டுச் சட்டென எழுந்தால் கண் இருட்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், காபி வாசனையே குமட்டும். இரவுச் சாப்பாட்டோடு அரை மாத்திரை, அதாவது 1.25 மி.கி., என்று தொடங்கினால் கொஞ்சம் தாங்கும்.

அதனால் என் ஓட்டு காபர்கோலினுக்கு. காபர்கோலின் இதய வால்வைக் கெடுக்குமோ என்ற பயம் 2007-ல் பெரிதானது, பார்கின்சன் நோய்க்குத் தினமும் சில மில்லிகிராம் சாப்பிட்டவர்களை வைத்து. புரோலாக்டின் கட்டிக்குப் பலருக்கு வாரத்துக்கே ஒரு மில்லிகிராம்தான். டோஸ் ஏறினால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்வார்கள், தட்டாமல் எடுத்துவிடுங்கள்.

சரி, குழந்தைக்கு முயற்சி செய்பவருக்கு? அங்கே புரோமோகிரிப்டினுக்கு இன்னும் மதிப்பு உண்டு. கர்ப்பகால அனுபவம் அதற்குத்தான் அதிகம், நிறுத்தினால் உடம்பைவிட்டுச் சீக்கிரம் போய்விடும். எதைச் சாப்பிட்டாலும் சரி, மாதவிலக்கு திரும்பும் முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவரிடம் மருந்துச் சீட்டு எழுதும் அன்றே இதைச் சொல்லிவிட வேண்டும்.