மேலட்டூர் மேடைக்கு ஏற்ற லென்ஸ்: கேனன் 85 மி.மீ. எஃப்/1.8

தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்களில் நரசிம்ம ஜயந்தியையொட்டி ராத்திரி முழுக்க ஆடும் நாட்டிய நாடகமான பாகவத மேளாவைப் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது கேனன் ஈஎஃப் 85 மி.மீ. எஃப்/1.8 யுஎஸ்எம்தான். 1992இல் வந்த லென்ஸ். பாபநாசத்தில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். திருச்சியில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக 16,000 ரூபாய்க்கு வாங்கினேன். கேமரா கேனன் 80டி. இந்த ஜோடியோடு மேலட்டூரிலும் சாலியமங்கலத்திலும் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். சிவராத்திரி சமயத்தில் நாட்டியாஞ்சலிக்குப் பெரிய கோயிலுக்கும் எடுத்துப் போயிருக்கிறேன்.

கல்யாண மண்டபத்தில் ஃப்ளாஷ் அடிக்கலாம். மேளாவில் அந்தப் பேச்சே கூடாது. அங்கே ஆடுகிறவர்கள் பலர் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு, நரசிம்ம ஜயந்திக்கு ஊர் திரும்பி, பெருமாளுக்குக் கைங்கரியமாக ஆடுகிறவர்கள். ஸ்திரீ வேஷமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். அப்படி ஆடுகிறவர் கண்ணில் போய் வெளிச்சம் அடிப்பது தப்பு. மேடையில் என்ன வெளிச்சம் இருக்கிறதோ அதை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸை 55க்கு இழுத்தால் எஃப்/5.6தான் கிடைக்கும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் பெரிதாகத் திறக்கும். எஃப்/1.8இல் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. அதே ஐஎஸ்ஓவில், அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை மாற்றாமல், கிட் லென்ஸ் 1/30 நொடி கேட்கும் இடத்தில் இது 1/300க்குப் பக்கத்தில் நிற்கும். ஸ்டெபிலைசேஷன் இல்லையே என்று தயங்குகிறவர்கள் உண்டு. அது நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், ஜதிக்கு அடவு போடுகிறவரின் காலைப் பிடிக்காது. ஷட்டர் வேகம்தான் வேண்டும், அதை இந்த லென்ஸ் கொடுக்கிறது. நான் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 3200, 1/320. மங்கலிலும் போகஸ் சட்டென்று பிடிக்கிறது, சத்தமே இல்லை. 80டியின் நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு முகத்தில் குறி வையுங்கள்.

ஆனால் முழுக்கத் திறந்து வைத்தே ராத்திரியை ஓட்ட முடியாது. 5 மீட்டர் தூரத்தில் எஃப்/1.8இல் தெளிவாக விழும் ஆழம் சுமார் ஒரு சாண். பிரகலாத சரித்திரத்தில் லீலாவதி, பிள்ளையை விட்டுவிடச் சொல்லி இரணியனிடம் கை நீட்டிக் கெஞ்சும் இடம் வருகிறதல்லவா, அங்கே கண் தெளிவாக இருந்தால் விரல் கரைந்துவிடும். அந்த விரலில்தானே அபிநயமே இருக்கிறது. அந்த மாதிரி இடங்களில் எஃப்/2.8க்கு வந்து ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றிவிடுவேன். புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும், வரட்டும். முகமும் கையும் சேர்ந்து பேசுகிற படம் அதைவிடப் பெரிது. தனி முகம், மௌனமாக நிற்கும் கட்டம் என்றால் எஃப்/2 போதும்.

பெரிய குறை ஊதா ஓரம். எஃப்/1.8இல் நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஜரிகை என்று மினுக்குகிற எதைச் சுற்றியும் ஊதாக் கோடு படிகிறது. எஃப்/2.8இல் பெருமளவு அடங்கும், மிச்சத்தைப் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் எடுத்துவிடலாம். சில மேடைகளில் இப்போது எல்இடி சிவப்பைக் கொட்டுகிறார்கள். அதில் முகத்தின் சிவப்பு எரிந்துபோகாமல் இருக்க படத்தின் வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள். விளக்கு துடித்து ஒரு படம் மங்கல், ஒரு படம் வெளிச்சம் என்று வந்தால் 80டியில் ஆன்ட்டி ஃப்ளிக்கர் இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

இடம் பிடிப்பதும் முக்கியம். 80டியின் சென்சார் சின்னது என்பதால் அதில் இது 136 மி.மீ. லென்ஸ் மாதிரி நெருக்கிக் காட்டும். முன்வரிசை ஜமக்காளத்தில் உட்கார்ந்தால் இடுப்புக்கு மேலேதான் கிடைக்கும். முழு உருவம் வேண்டுமென்றால் எட்டு மீட்டராவது பின்னால் போக வேண்டும். எனக்கு ஓரமாக, பாடுகிற பாகவதர்கள் உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் பிடிக்கும். நரசிம்மர் வரும்போது முகமூடி தரித்தவரைச் சுற்றி ஆள்கள் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நேர் எதிரில் இருந்தால் அவர்கள் முதுகுதான் படத்தில் விழும். அப்போது 1/500க்குக் குறையாமல் வையுங்கள். ரெண்டு மூன்று படம் எடுத்தபின் கேமராவை இறக்கிவிட்டுக் கும்பிடுங்கள்.

70-200 எஃப்/2.8 ஜூம் லென்ஸ் இன்னும் வசதிதான், ஆனால் விலையும் கனமும் வேறு. இது 425 கிராம். விடிய விடியக் கையில் பிடிக்கிறவருக்கு அது பெரிய விஷயம்.

பழையது வாங்கினால் கண்ணாடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பக்கத்து ஈரத்துக்கு, அதுவும் ஐப்பசி கார்த்திகையில், ஃபங்கஸ் சீக்கிரம் பிடிக்கும். சிலந்தி நூல் மாதிரி கிளை தெரிந்தால் வாங்காதீர்கள். வாங்கியபின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். லென்ஸ் ஹூட் கூட வராது, தனியாக வாங்க வேண்டும். மேடை விளக்கு பக்கவாட்டில் அடிக்கும் என்பதால் அதை விட்டுவிடாதீர்கள்.