165 குதிரைசக்தி என்று காசு வாங்கினார்கள், பெடலுக்குப் பின்னால் ஒரு பெட்டிதான் இருந்தது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. தினமும் ஓட்டுகிற காரை டிராக் ரேஸுக்கு, அதாவது நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடுகிற பந்தயத்துக்கு, தயார் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடிகிறவரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த வித்தையைச் செய்ய எந்த ஊரிலும் ஆள் இருப்பார்கள்.

என்னுடையது போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். கம்பெனிக் கணக்கில் சக்தி 110 பிஎஸ் (குதிரைசக்தி), டார்க் எனும் சுழற்று விசை 175 நியூட்டன் மீட்டர். வேலைக்குப் போவதும் அதில்தான், அம்மாவைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போவதும் அதில்தான். சென்னைப் பக்கம் நடக்கிற டிராக் நிகழ்ச்சியில் கால் மைல், அதாவது 402 மீட்டர், முறையாக விளக்கு வைத்து, நேரம் எடுத்து ஓடிப்பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ரோட்டில் பந்தயம் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, அதில் மரியாதையும் கிடையாது.

ஒர்க்‌ஷாப் ஓனர் வாயைத் திறந்தால் மூட மாட்டார். "தம்பி, ஸ்டேஜ் டூ ரீமேப் போட்டுருவோம், ரேஸிங் கிளட்ச் மாத்திருவோம், முன்னாடி ரெண்டும் செமி ஸ்லிக் டயர். நூத்தி அறுபத்தஞ்சு குதிரைக்கு நான் கேரண்டி" என்றார். ரீமேப் என்றால் என்ஜின் கணினியின் கணக்கை மாற்றிச் சக்தியை ஏற்றுவது. செமி ஸ்லிக் என்றால் வெட்டு குறைவான, பிடிமானம் அதிகமான டயர். டைனோ ஷீட், அதாவது சக்தியை அளக்கும் எந்திரம் தருகிற வரைபடம், கிடைக்குமாண்ணே என்று கேட்டேன். "கோயம்புத்தூருக்கு லாரியில ஏத்தி அனுப்பி எடுத்துத் தர்றேன், போதுமா?" என்றார். மொத்தம் 1,35,000 ரூபாய். பாதிக்கு மேல் முன்பணம், அதுவும் அவருடைய மச்சான் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னார். வண்டியை எடுக்கப் போனபோது கையில் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, பார்ட் நம்பர் இல்லை. பில் கேட்டதற்கு "ஆடிட்டர் வரட்டும், அனுப்பி வைக்கிறேன்" என்றார். அந்த ஆடிட்டர் இன்னும் வரவில்லை.

வண்டி பறந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆக்ஸிலரேட்டரில் கால் பட்டாலே துள்ளியது. கல்லூரிச் சாலையில் இரண்டாவது கியரில் லேசாக அழுத்தினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. "செட்டிநாடு ஏரோட்ரோம் பக்கம் கொண்டுபோய் ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்க" என்று ஓனர் உசுப்பிவிட்டார். அந்த ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது. அப்படி ஒரு போர்க்கால ஓடுதளத்தில்தான், சோழவரத்தில், இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை பல வருடம் பந்தயம் நடந்தது. அதற்காக நாமாகப் போய் அரசு நிலத்தில் கார் விட முடியுமா? ஆம்புலன்ஸ் இல்லை, தடுப்பு இல்லை, குறுக்கே மாடு வரும். அங்கே நான் போகவில்லை.

டிராக் நிகழ்ச்சியில்தான் வேஷம் கலைந்தது. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஓட்டம் முடிந்ததும் ஒரு சீட்டு கொடுப்பார்கள். பச்சை விளக்குக்கு நாம் எவ்வளவு சீக்கிரம் கிளம்பினோம் என்பது தனி எண். தொடக்கக் கோட்டைவிட்டு நகர்ந்ததிலிருந்து முடிவுக் கோடுவரை ஆன நேரம் தனி. கடைசியில் முடிவுக் கோட்டுப் பக்கம் வண்டி போன வேகம். புதிதாக வருகிறவர்கள் நேரத்தை மட்டும் பார்ப்பார்கள். அது டயர், கிளட்ச், ஓட்டுகிறவன் கால் எல்லாம் சேர்ந்த கணக்கு. கிளம்பும்போது சக்கரம் சுழன்றால் நேரம் கெட்டுப்போகும், ஆனால் முடிவு வேகம் அவ்வளவாகக் குறையாது. என்ஜினில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதைக் காட்டுவது அந்த வேகம்தான். ஆளோடு சேர்த்து 1,150 கிலோ இருக்கும் வண்டிக்கு 110 பிஎஸ் என்றால் மணிக்கு 130 கிலோமீட்டரை ஒட்டி வரும், 165 என்றால் 150-ஐத் தொட வேண்டும். என் சீட்டில் 132. அடுத்த ஓட்டத்திலும் அதே கதை.

பக்கத்து வரிசையில் கார் கொண்டுவந்திருந்த சென்னை அண்ணன் ஒருவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இது ஸ்டாக் வண்டி தம்பி, கம்பெனியிலேர்ந்து வந்தபடியே இருக்கு" என்றார். ரீமேப் போட்டிருக்கிறது என்றேன். "போட்டிருந்தா இங்க தெரியணுமே?" என்றார்.

டைனோ ஷீட் போனில் இருந்தது, எடுத்துக் காட்டினேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. போனில் கால்குலேட்டரைத் திறந்தார். 5000 ஆர்பிஎம்மில், அதாவது என்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றும்போது, டார்க் கோடு 190 நியூட்டன் மீட்டர் காட்டுகிறது, அதே இடத்தில் பவர் கோடு 165 பிஎஸ் காட்டுகிறது. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7023-ஆல் வகுத்தால் பிஎஸ் வர வேண்டும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை, பவர் என்பதே அந்தப் பெருக்கல்தான். 190 பெருக்கல் 5000, வகுத்தல் 7023: சுமார் 135. ஆக, அந்த ஷீட்டில் இருக்கிற இரண்டு கோடுகளும் ஒரே வண்டியுடையவை அல்ல. யாரோ எதையோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கீழே பொடி எழுத்தில் சோதனை நேரத்து வெப்பநிலை 19 டிகிரி என்று வேறு இருந்தது. வேலை நடந்தது சித்திரை மாதம். சித்திரையில் கோயம்புத்தூர் பட்டறைக்குள் 19 டிகிரி! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அப்படியானால் ரோட்டில் துள்ளியது எப்படி? அதற்கும் விடை அன்றைக்கே கிடைத்தது. அந்த அண்ணன் ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டு, டார்ச் அடித்து, ஆக்ஸிலரேட்டர் பெடலின் மேல்பக்கம் போகிற ஒயரைத் தொட்டுக் காட்டினார். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, பெயர் தெரியாதபடி இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, பிளாஸ்டிக் டேக் போட்டு உள்ளே தள்ளிக் கட்டியிருந்தது. பெடல் பாக்ஸ் என்பார்கள். இப்போதைய கார்களில் பெடலுக்கும் என்ஜினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. பெடல் எவ்வளவு இறங்கியது என்ற மின் சமிக்ஞை மட்டும்தான் போகிறது. இந்தப் பெட்டி நடுவில் உட்கார்ந்து, நாம் கால் பங்கு அழுத்தினால் முக்கால் பங்கு என்று என்ஜினிடம் சொல்லும். அதனால் லேசாகத் தொட்டாலே வண்டி பாயும். முழுசாக அழுத்தினால்? முழுசுக்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, பழைய 110 தான். பெட்டி திருட்டுப் பொருள் ஒன்றும் இல்லை, சில ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. அதை மாட்டிவிட்டு ரீமேப் என்று 45,000 வாங்கியதுதான் திருட்டு.

பிறகு அந்தச் சென்னை அண்ணனுடைய பட்டறைக்கே போய் ஈசியூவை, அதாவது என்ஜினை நடத்தும் கணினியை, படிக்கச் சொன்னேன். உள்ளே இருந்தது கம்பெனி போட்டுக் கொடுத்த ஃபைல், ஒரு எழுத்துகூட மாறாமல்.

டயர் கதையைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், இது ரேஸ் ஆசை இல்லாதவர்களுக்கும் உதவும். முன்சக்கரம் இழுக்கிற வண்டியில், கிளம்பும்போது எடை பின்னால் சாய்ந்துவிடும். எங்கே பிடிமானம் வேண்டுமோ அங்கே எடை குறையும். அதனால்தான் முன்னால் நல்ல ரப்பர் வேண்டும் என்று செமி ஸ்லிக்குக்கு ஒத்துக்கொண்டேன். பாலிஷ் போட்டு மினுமினு என்று மாட்டிக் கொடுத்தார்கள். தடத்தில் பார்த்தால் சக்கரம் சோப்புத் தண்ணீரில் நிற்பதுபோல் சுழன்றது. டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துக்களின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு வருடம். பல டயர்களில் அந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். என்னுடைய இரண்டு டயரிலும் அந்தப் பக்கம் உள்ளே பார்த்து இருந்தது. ஜாக்கி போட்டு, அடியில் படுத்துப் பார்த்தால் 1417. அதாவது 2017-ஆம் வருடம் 14-ஆவது வாரம். ரப்பர் கெட்டியாகி, நகத்தால் அழுத்தினால் பதியவே இல்லை. புது டயர் என்று காசு வாங்கியிருக்கிறார்கள்.

ரேஸிங் கிளட்ச் என்றதும் அதே ரகம். கியர்பாக்ஸை இறக்கியபோது கிளட்சை அழுத்திப் பிடிக்கிற பழைய பிரஷர் பிளேட்டுக்குச் சிவப்பு ஸ்பிரே அடித்து வைத்திருந்தது தெரிந்தது.

ஓனரிடம் நேரில் போய்க் கேட்டேன். முதலில் "ஓட்டத் தெரியாம எங்க மேல பழி போடாதீங்க" என்றார். ஷீட் கணக்கைக் காட்டியதும் தொனி மாறியது. "புகார் குடுங்க தம்பி, தாராளமாக் குடுங்க. மாடிஃபை பண்ணின வண்டின்னு மொதல்ல உங்களைத்தான் பிடிப்பான்" என்றார். இந்தத் தொழிலில் ஏமாற்றுகிறவர்களுக்கு இதுதான் கவசம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ உண்டு என்று 2019 திருத்தத்தில் சேர்த்தார்கள். இதைச் சொல்லித்தான் பாதிப் பேரை வாயடைக்க வைக்கிறார்கள். எனக்கு ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். என் புகாரே, காசை வாங்கிக்கொண்டு ஒரு மாற்றமும் செய்யவில்லை என்பதுதானே!

சட்டப்படி என்ன வழி என்று கேட்கிறவர்களுக்கு: 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நமக்குச் சிவகங்கை. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், எதிராளி எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. கொடுத்த தொகை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எனக்குக் கை கொடுத்தது ஜிபே விவரமும், 165 குதிரை கேரண்டி என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவும். துண்டுச் சீட்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன்.

டிராக் ஓட்ட ஆசைப்படுகிறவர்களை நான் தடுக்கவில்லை. முதல் தடவை வண்டியை அப்படியே கொண்டுபோங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, பூட்டில் கிடக்கிற சாமான் எல்லாவற்றையும் இறக்குங்கள், பெட்ரோல் கால் டேங்க் போதும். நல்ல ஹெல்மெட், ஆட்டம் இல்லாத பேட்டரி, ஆயில் கசிவு இல்லாத என்ஜின், இதையெல்லாம் அங்கேயே சோதிப்பார்கள். அந்த முதல் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பிறகு எவன் எத்தனை குதிரை ஏற்றினேன் என்று சொன்னாலும், முடிவு வேகத்தை அதோடு வைத்துப் பார்த்தால் போதும். ரீமேப் செய்வதானால் அதே டைனோவில், அதே நாளில், முன்னும் பின்னும் ஓட்டி, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது ஷீட் எடுக்கச் சொல்லுங்கள். வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புகிறேன் என்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சமீபத்தில் ரீமேப் செய்து, 'தொட்டாலே பறக்குது' என்று சந்தோஷத்தில் இருப்பவர்கள் இன்றைக்கே பெடலுக்கு மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பு டேப் சுற்றிய பெட்டி தெரிந்தால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். ஒயரோடு சேர்த்து, வண்டி நம்பரும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துக்கொண்டு, அப்புறம் கழற்றுங்கள்.