ட்ரைஆக்டைல் அமீனா, அலிக்வாட் 336-ஆ?

செம்பூரில் பக்கத்து வீட்டுப் பெண் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காகக் கேட்டாள்: "அண்ணா, பழைய பேட்டரியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைச்சு வச்சிருக்கேன். நிக்கலை விட்டுட்டு கோபால்ட்டை மட்டும் எடுக்கணும். இந்த ரெண்டில் எதை வாங்கட்டும்?"

இரண்டுமே திரவ எதிர்மின் அயனிப் பரிமாற்றிகள்: தண்ணீரில் இருக்கும் எதிர்மின் அயனிகளைப் பிடித்துத் தங்கள் அடுக்குக்கு இழுத்துக்கொள்ளும் எண்ணெய் மாதிரித் திரவங்கள். உலோகம் எதிர்மின் சுமையுள்ள அணைவாக (உலோக அயனியைச் சுற்றி வேறு அயனிகள் ஒட்டிய தொகுதியாக) மாறினால்தான் பிடிக்கும். சுமார் 8 மோலார் அமிலத்தில் கோபால்ட் நான்கு குளோரைடுகளைச் சேர்த்துக்கொண்டு நீலமாகிவிடும். நிக்கலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பரிமாற்றியைத் தண்ணீரோடு கலக்காத டொலுயீனில் கரைத்து, அந்த அமிலக் கரைசலோடு பிரிபுனலில் குலுக்கி வைத்தால் மேலே கோபால்ட் ஏறிய டொலுயீன் அடுக்கு நீலம், கீழே நிக்கல் தங்கிய அமிலம் பச்சை. அந்த நீலத்தை வெறும் தண்ணீரோடு குலுக்குங்கள்: குளோரைடு குறைந்து அணைவு உடைய, கோபால்ட் இளஞ்சிவப்பாகக் கீழே இறங்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

இதுவரை இரண்டும் சமம். கரைசலில் துத்தநாகமும் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். அது 2 மோலார் அமிலத்திலேயே மேல் அடுக்குக்கு ஏறிவிடும், தண்ணீரோடு குலுக்கினாலும் லேசில் இறங்காது. ட்ரைஆக்டைல் அமீன் மூவிணைய அமீன், அதாவது நைட்ரஜனில் மூன்று கரிமச் சங்கிலிகள் இணைந்தது. அமிலம் கொடுத்த புரோட்டான்தான் அதன் சுமை. அம்மோனியா ஊற்றினால் புரோட்டான் போய்விடும், பிடியும் விட்டுவிடும். அலிக்வாட் நான்கிணைய அம்மோனியம் உப்பு: நைட்ரஜனில் நான்கு கரிமத் தொகுதிகள் இணைந்து நிரந்தர நேர்மின் சுமை உள்ளது. எந்தக் காரத்தாலும் அதன் சுமையைப் பறிக்க முடியாது. வேறோர் எதிர்மின் அயனியை நிறையக் கொடுத்துத்தான் உலோகத்தை வெளியே தள்ள வேண்டும்.

ஆனால் முலாம் பூசும் பட்டறைக் கழிவுநீரில் குரோமேட் (குரோமியம் உள்ள எதிர்மின் அயனி) இருந்து, அந்த நீர் நடுநிலையாகவோ காரமாகவோ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அலிக்வாட்தான். அங்கே ட்ரைஆக்டைல் அமீனுக்குச் சுமையே இருக்காது.

கையாளுவதில் இரண்டுக்கும் குறை உண்டு. அலிக்வாட் தேன் மாதிரி கெட்டி. பிப்பெட்டில் எடுக்காமல் எடை போட்டு எடுப்பதே நல்லது. ட்ரைஆக்டைல் அமீனை ஒருமுறை வெறும் மண்ணெண்ணெயில் கலந்து, நடுவில் மூன்றாவது அடுக்கு உருவாகி, ஒரு நாள் வேலையும் வீணாகிவிட்டது எனக்கு. கொஞ்சம் டெக்கனால் என்ற நீண்ட சங்கிலி ஆல்கஹால் சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை.

நார்வேயின் கிறிஸ்தியான்சாண்டில் உள்ள நிக்கல் ஆலையிலும் குளோரைடு கரைசலிலிருந்து கோபால்ட்டைப் பிரிக்க மூவிணைய அமீன்தான். அதனால் அவளிடம் ட்ரைஆக்டைல் அமீனையே வாங்கச் சொன்னேன். கூடவே இன்னொன்றும்: கரைசலில் இரும்பு இருந்தால் அதுவும் கோபால்ட்டோடு ஏறிவிடும். முதலில் அமிலத்தைக் குறைவாக வைத்து இரும்பை எடுத்துவிடு, அப்புறம் 8 மோலாருக்குப் போ.